வீட்டு வரிக்கு ஒரு கணக்கு உண்டு

ஏப்ரலும் அக்டோபரும் பிறந்தால் நகரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொத்து வரி ஞாபகம் வந்துவிடும். எத்தனை சதவீதம் ஏற்றினார்கள் என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான். கட்சிகள் அறிக்கை விடும், மாமன்றத்தில் வெளிநடப்பு நடக்கும், வரி வசூலிக்க வருபவரிடம் நான்கு வார்த்தை சூடாகப் பேசுவோம், பிறகு கட்டிவிடுவோம். இந்த அமளியில் யாரும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தச் சதவீதம் எந்தத் தொகையின் மேல் ஏறுகிறது, அந்தத் தொகையை யார், எப்போது, எதைப் பார்த்துக் குறித்தார்கள்? வீட்டுக்காரருக்கு அநியாயம் நடப்பது பெரும்பாலும் சதவீதத்தில் இல்லை, மதிப்பீட்டில்தான் என்பது என் வாதம். அப்படியிருக்க, வரியை உயர்த்தாமல் வருடக்கணக்காக வைத்திருப்பதை நாம் நிவாரணம் என்று கொண்டாடி வந்திருக்கிறோம். அது மதிப்பீட்டுப் பிழைகளை ஆற வைக்கவில்லை, மூடி வைத்தது.

நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரி போடும் அதிகாரம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 49ஆம் இனமாக இருக்கிறது. மாநிலம் அதைச் சட்டத்தின் வழியே உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கிறது. 74ஆவது திருத்தத்துக்குப் பின் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. சென்னை நெடுங்காலம் 1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தின் கீழ் இருந்தது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்து எல்லா நகரங்களையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. சட்டம் மாறினாலும் உங்கள் வீட்டின் மேல் நிற்கும் தொகைக்கு வேர் பழைய கணக்கில்தான் இருக்கிறது. ஆகவே அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

சென்னையில் அடிப்படை, ஆண்டு வாடகை மதிப்பு. நீங்கள் உண்மையில் வாங்கும் வாடகைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்று மாநகராட்சி கருதும் தொகை இது. ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று ஓர் அடிப்படை விலை உண்டு. பழைய அட்டவணையில் குடியிருப்புக்கு 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரை, குடியிருப்பு அல்லாத கட்டடத்துக்கு 4 ரூபாயிலிருந்து 12 ரூபாய் வரை. ஒரு தெருவுக்கு ஒன்றரை ரூபாய் என்றும், வீடு 800 சதுர அடி என்றும் வைத்துக்கொள்வோம். மாத மதிப்பு 1,200 ரூபாய், ஆண்டுக்கு 14,400. இதில் பத்தில் ஒரு பங்கு, 1,440 ரூபாய், நிலத்துக்கு உரியது என்று தனியே வைக்கப்படும். மீதி 12,960 கட்டடத்தின் பங்கு. கட்டடத்துக்கு மராமத்துச் செலவு உண்டு என்பதால் அதில் 10 சதவீதம் கழித்தால் 11,664. இரண்டையும் கூட்டினால் 13,104. மாத மதிப்பை 10.92 மாதத்தால் பெருக்குவதாக அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். கட்டடத்தின் வயதுக்கும், உரிமையாளரே குடியிருப்பதற்கும் அந்தக் கணக்கில் கழிவுகள் உண்டு. கிடைக்கும் ஆண்டு மதிப்பின் மேல்தான் அரையாண்டு வரி விழும், அதோடு நூலக வரி சேரும். சென்னைக் குடிநீர் வாரியம் வசூலிக்கும் குடிநீர், கழிவுநீர் வரியும் இதே ஆண்டு மதிப்பில் 7 சதவீதம்தான். பலர் கவனிக்காதது இது. மாநகராட்சிப் பதிவேட்டில் இருக்கும் ஒரு பிழைக்கு நீங்கள் இரண்டு கவுண்டர்களில் பணம் கட்டுகிறீர்கள்.

எப்படிப்பட்ட பிழை? அதே வீட்டின் முன்னறை 150 சதுர அடி. ஒரு காலத்தில் அங்கே தையல் கடை இருந்தது, பிறகு காலி செய்துவிட்டார்கள், இப்போது அதில் கட்டிலும் அலமாரியும் இருக்கின்றன. பதிவேட்டில் மட்டும் கடை இன்னும் நடக்கிறது. அந்த 150 சதுர அடிக்குக் குறைந்தபட்ச வணிக விலையான 4 ரூபாய் போட்டாலே 600 ரூபாய். மீதி 650 சதுர அடிக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 975. மொத்தம் 1,575. இருக்க வேண்டியது 1,200. எந்த உயர்வும் வராமலே மதிப்பு 31 சதவீதம் கூடிவிட்டது. அளவிலும் இப்படி நடக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் கட்டுமான நிறுவனம் விற்கும் பரப்பில் படிக்கட்டு, லிஃப்ட், காவலாளி அறை எல்லாவற்றின் பங்கும் சேர்ந்திருக்கும். பத்திரத்தில், வரைபடத்தில், வரிப் பதிவேட்டில் மூன்று வெவ்வேறு எண்கள் இருப்பது அபூர்வம் அல்ல. 80 சதுர அடி கூடுதலாக ஏறியிருந்தால் அரையாண்டுக்கு அரையாண்டு பத்து சதவீதம் கூடுதலாகக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நாளை வரும் ஒவ்வொரு உயர்வும் அந்தத் தவறான தொகையின் மேலேயே ஏறும்.

இப்போது உயர்வுக்கு வருவோம். சென்னையில் 1998க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008க்குப் பிறகும் பொதுச் சீராய்வே நடக்கவில்லை. 2018 ஜூலையில் ஓர் உயர்வு அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது, 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும் நேரத்தில், அது நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த அரையாண்டுகளில் சரிக்கட்டிக் கொடுத்தார்கள். 15ஆவது நிதிக்குழு, நகர உள்ளாட்சிகளுக்கான மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்கு ஒரு குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வளர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 2022 ஏப்ரலில், நகர்ப்புறத் தேர்தல் முடிந்த சில வாரங்களில், உயர்வு வந்தது. சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளுக்கு இதைவிடக் குறைவு. ஒரே நாளில் வரி இரட்டிப்பாவது அதிர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் 1998இலிருந்து ஆண்டுக்கு 3 சதவீதம் மட்டும் ஏறியிருந்தாலே 24 ஆண்டுகளில் வரி இரட்டிப்பாகியிருக்கும். அதை யாரும் பெரிதாக உணர்ந்திருக்க மாட்டார்கள். விலைவாசியும் சம்பளமும் அதைவிட வேகமாக ஏறிய காலம் அது. 2022இல் மக்களை உலுக்கியது வரியின் அளவைவிட, இருபத்துநான்கு ஆண்டு பாக்கி ஒரே அறிவிப்பில் வந்து விழுந்ததுதான்.

அந்த உயர்விலும் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறொன்று. தெருக்களின் அடிப்படை விலையைப் புதிதாக அளந்து வரியைச் சீராக்கவில்லை. ஏற்கெனவே இருந்த வரியின் மேல் பரப்பளவு அடுக்குப்படி ஒரு சதவீதத்தைப் போட்டார்கள். 1998இல் ஒதுக்குப்புறமாகக் கிடந்து இன்று மெட்ரோ ரயிலும் வணிக வளாகமும் வந்து விலை பல மடங்கு ஏறிய தெருவும், அன்று மவுசாக இருந்து இன்று மழைநீர் தேங்கி வாடகைக்கு ஆள் கிடைக்காத தெருவும், அன்றைய ஏற்றத்தாழ்வை அப்படியே சுமந்துகொண்டு புதிய வரிக்குள் வந்தன. அடுக்கு முறை இன்னொரு கோணலையும் சேர்த்தது. ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகள் இரண்டு, ஒன்று 1,198 சதுர அடி, மற்றது 1,205. பழைய அரையாண்டு வரி இரண்டுக்கும் ஏறக்குறைய 2,000 ரூபாய் என்று கொண்டால் முதல் வீட்டுக்கு 75 சதவீதம் ஏறி 3,500, இரண்டாவதற்கு 100 சதவீதம் ஏறி 4,000. ஏழு சதுர அடிக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் வித்தியாசம். பரப்பளவை மட்டும் வைத்துக் கட்டட வரி விதித்த கேரளச் சட்டம் ஒன்றை, சமத்துவத்துக்கு எதிரானது என்று 1968இலேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இடத்தையும் பயன்பாட்டையும் கணக்கில் எடுக்கும் நம் வரி அந்தச் சட்டத்தைப் போன்றது இல்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பின் அக்கறை இங்கேயும் பொருந்தும். சமமில்லாதவற்றை ஒரே கோலால் அளக்கக் கூடாது, சமமானவற்றை வெவ்வேறு கோலாலும் அளக்கக் கூடாது.

வரியை உறைய வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு கலிஃபோர்னியா. அங்கே 1970களில் வீட்டு விலை தாறுமாறாக ஏற, வரியும் கூடவே ஏறியது. ஓய்வுபெற்றவர்கள் வீட்டை இழந்துவிடுவோமோ என்று பயந்தார்கள். 1978 ஜூனில் 13ஆம் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் பெருவாரியாக நிறைவேறியது. வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பு, வீடு கைமாறும்வரை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. பயந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு அங்கே ஒருவர் கட்டும் வரியைத் தீர்மானிப்பது வீட்டின் மதிப்பைவிட அவர் அதை வாங்கிய ஆண்டு. பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் 2003இல் தன் கணக்கையே எடுத்துக் காட்டினார். நெப்ராஸ்காவின் ஓமஹாவில் சுமார் 5 லட்சம் டாலர் பெறும் வீட்டுக்கு அவர் கட்டியது 14,000 டாலருக்கு மேல். கலிஃபோர்னியாவில் 40 லட்சம் டாலர் பெறும் கடற்கரை வீட்டுக்கு 2,264 டாலர். பக்கத்து வீட்டை நேற்று வாங்கிய இளம் குடும்பம் பல மடங்கு கட்டும், சாலை இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். 1992இல் இது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது, நீதிமன்றம் சட்டத்தில் தலையிட மறுத்துவிட்டது. மென்பொருள் வேலைக்காக அங்கே போய் அண்மையில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஏற்றத்தாழ்வு புத்தகச் செய்தி அல்ல, ஆண்டுதோறும் தபாலில் வரும் ரசீது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. வீடு என்பது கையில் இருக்கும் பணம் அல்ல. மயிலாப்பூரிலோ மதுரை மாசி வீதிகளிலோ தாத்தா காலத்து வீட்டில் ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஒரு விதவைக்கு, அந்த வீடு கோடி பெறும் என்பதால் மாதச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட வராது. மதிப்பீட்டை அவ்வப்போது புதுப்பித்தால் முதலில் அடிபடுவது அவர்தானே? ஆம், அவர்தான். அவருக்கு நிவாரணம் கட்டாயம் வேண்டும். ஆனால் அவருக்கு உதவ ஊர் முழுவதற்கும் வரியை உறைய வைக்க வேண்டியதில்லை. பரப்பளவை வைத்துச் சலுகை கொடுத்தாலும் அவருக்குப் போய்ச் சேராது. மும்பையில் 500 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 2022இலிருந்து சொத்து வரியே இல்லை. சின்ன வீட்டில் இருக்கும் உழைப்பாளிக்கு அது நல்லது. முதலீட்டுக்காக நகரின் நடுவே சிறு குடியிருப்புகளை வாங்கிப் போட்டவருக்கும் அதே சலுகைதான். நாம் சொன்ன அம்மாளின் வீடு பழைய பாணியில் முற்றம் வைத்துப் பெரிதாக இருப்பதால் அடுக்கில் மேலே போய்விடும். வருமானத்தை வைத்து நிவாரணம் கொடுக்கும் முறையை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1964இலேயே தொடங்கியது. வருமானத்தில் இவ்வளவு பங்குக்கு மேல் வீட்டு வரி போனால் மீதியை அரசு ஈடுகட்டும். முதியவர்களின் வரியை அப்போது வசூலிக்காமல் வீட்டின் மேல் பற்றாக எழுதிவைத்து, விற்கும்போதோ வாரிசுக்குப் போகும்போதோ வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் அங்கே பல மாநிலங்களில் உண்டு. முதியோர் ஓய்வூதியம், ரேஷன் அட்டை என்று வருமானத்தை அடையாளம் காணும் பட்டியல்கள் நம்மிடமும் இருக்கின்றன. அவற்றில் குறைகள் உண்டு. ஆனாலும் சதுர அடியைவிட அவை ஏழ்மைக்கு நெருக்கமான அளவுகோல்.

இன்னொரு எதிர்வாதத்தை எல்லாத் தெருவிலும் கேட்கலாம்: சாலை போடவில்லை, குப்பை எடுக்கவில்லை, எதற்கு வரி? வீடு வாங்கும்போதே முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகச் சுளையாக வாங்கிவிட்டார்களே? கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்திரப்பதிவில் கொடுத்ததன் பெரும்பகுதி மாநில அரசுக்குப் போகிறது, அதில் ஒரு சிறு பங்குதான் உள்ளாட்சிக்கு வருகிறது. உள்ளாட்சி தன் கையால் ஈட்டும் முக்கிய வருமானம் சொத்து வரிதான். இந்தியா முழுவதிலும் இந்த வரி நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.2 சதவீத அளவைத் தாண்டுவதில்லை. பெங்களூரும் ஜெய்ப்பூரும் வசூலிக்கக்கூடியதில் 5 முதல் 20 சதவீதத்தைத்தான் வசூலிக்கின்றன என்று 2016-17ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டது. சொந்த வருமானம் இல்லாத மாநகராட்சி ஒவ்வொரு கால்வாய்க்கும் கோட்டையின் மானியத்தை எதிர்பார்த்து நிற்கும். மானியத்தில் ஓடும் மன்றத்தைத் தெருக்காரர் கேள்வி கேட்டால் கைவிரிப்பது சுலபம். வரி கட்டிய ரசீதோடு கேட்பவருக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது.

2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் ஆண்டுக்கு 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. சிறுகச் சிறுக உயர்த்துவது, இருபது ஆண்டு தூங்கிவிட்டு ஒரேயடியாக ஏற்றுவதைவிட நல்ல வழி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆண்டுதோறும் 6 சதவீதம் என்றால் 12 ஆண்டுகளில் வரி இரட்டிப்பு. அடியில் இருக்கும் மதிப்பீட்டைத் திருத்தாமல் மேலே மட்டும் ஏற்றிக்கொண்டு போனால் தையல் கடைப் பிழையும் அதே வேகத்தில் வளரும். உயர்வை இயந்திரம்போல் நடத்த முடிகிற அரசால், தெரு விலைப் பட்டியலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகத் தயாரித்து, யாரும் பார்க்கும்படி வார்டு வாரியாக வெளியிடவும் முடியும். அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

மதிப்பீட்டில் தவறு இருந்தால் வழி இல்லாமல் இல்லை. நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, அதன் பிறகே வரியை மாற்ற வேண்டும் என்பது இந்தச் சட்டங்களின் அடிப்படை. முதலில் ஆணையருக்கு மனு. அங்கே திருப்தி இல்லையென்றால் வரி மேல்முறையீடுகளுக்கென்று இருக்கும் தீர்ப்பாயம், அதற்குப் பிறகு நீதிமன்றம் என்பதுதான் சென்னையில் நெடுங்காலமாக இருந்துவரும் படிநிலை. இதைத் தாண்டி நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போனால், மாற்று வழி இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள் என்று பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக வரியை நிறுத்திவைக்கவும் கூடாது. ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதே எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்கள் மட்டும் பயன்படுத்தும் மேல்முறையீடு அநீதியைக் கூட்டவும் செய்யும். சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுன்டியில் அதுதான் நடந்தது. அங்கே மதிப்பீடு எளியவர்களின் வீடுகளைக் கூடுதலாகவும் பணக்காரர்களின் வீடுகளைக் குறைவாகவும் காட்டியது. வழக்கறிஞர் வைத்து மேல்முறையீடு செய்தவர்களில் வசதியானவர்களே அதிகம் என்பதால் இடைவெளி இன்னும் அகன்றது. 2017இல் சிகாகோ டிரிப்யூன் நாளிதழும் புரோபப்ளிகா நிறுவனமும் தரவுகளோடு இதை வெளிக்கொண்டு வந்தன. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அங்கே மதிப்பீட்டு அதிகாரியாக இருந்த ஜோசஃப் பெரியோஸ் தோற்றார். நம் ஊரில் இப்படி ஒரு தெரு வாரியான ஆய்வுக்குத் தேவையான பட்டியல் பொதுமக்கள் கைக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை என்பதே ஒரு குறை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அரையாண்டு வரியைக் கட்டும் முன் உங்கள் வரிவிதிப்பு விவரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் பரப்பு உங்கள் பத்திரத்தோடும் அனுமதி பெற்ற வரைபடத்தோடும் ஒத்துப்போகிறதா, குடியிருப்பு என்று இருக்க வேண்டியது வணிகம் என்று இருக்கிறதா, நீங்களே குடியிருக்கும் வீடு வாடகை வீடாகப் பதிவாகியிருக்கிறதா, உங்கள் தெருவுக்குப் போட்ட விலை பக்கத்து வீட்டுக்கும் அதேதானா என்று சரிபாருங்கள். விவரம் கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மதிப்பீட்டுப் பதிவேட்டின் நகலைக் கேட்கலாம். தவறு இருந்தால் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருப்பதைக் காட்டும் அட்டை, முன்னறையின் புகைப்படம் போன்றவை வாய்ப்பேச்சைவிட எடுபடும். நோட்டீஸில் போட்டிருக்கும் கெடுத் தேதியைத் தவறவிடாதீர்கள். அரையாண்டின் முதல் 30 நாளில் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. வீட்டை வாடகைக்கு விட்டிருந்து வரியை நீங்களே கட்டினால், கட்டிய ஆண்டிலேயே வருமான வரிக் கணக்கில் அதை வாடகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் அது உரிமைச் சான்று இல்லை, வரி கட்டியதற்கான சான்று மட்டுமே. உங்கள் தெருவில் கணினி பார்க்கத் தெரியாத முதியவர் இருந்தால் அவருடைய வரிவிதிப்பு எண்ணையும் வாங்கி இதே கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்.